குடைக்கு ஜோடி வெயிலா மழையா? நாலரை வயசு மகளுக்குப் பட அட்டை விளையாட்டு – யோசனை சொல்லுங்க

பாயான் லெப்பாஸ் அப்பா எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளா இங்க சும்மா படிச்சுட்டுப் போற ஆளு, இன்னைக்குத்தான் முதல் தடவையா எழுதறேன். பினாங்கு, பாயான் லெப்பாஸ். தொழிற்சாலையில ஷிப்ட் வேலை. மகளுக்கு நாலரை வயசு. மகனுக்கு இப்பதான் மூணு முடிஞ்சது.

போன மாசம் வீட்டுக்காரம்மா ஆன்லைன்ல ஒரு பட அட்டைப் பெட்டி வாங்கினாங்க. 39 வெள்ளி. 'தர்க்கச் சிந்தனை வளரும், 3 முதல் 6 வயது'ன்னு மேல போட்டிருந்துச்சு. உள்ள 60 அட்டை. எதுக்கு எது ஜோடின்னு பார்த்துச் சேர்க்கணும். கூடவே ஒரு விடைத்தாள். படங்களைப் பார்த்தா பனிமனிதன், பனியில சறுக்கற வண்டி, கம்பளிக் கையுறை. மகள் அந்தக் கையுறையைக் கையில எடுத்து, 'இது பாட்டி கேக் சட்டியைப் பிடிக்கறது'ன்னா. அதுவரைக்கும் சிரிப்பாத்தான் இருந்துச்சு.

வினை குடையில வந்துச்சு. குடை அட்டையைக் கொண்டுபோய் சூரியன் பக்கத்துல வெச்சா. விடைத்தாள்ல மழை மேகம்னு இருக்கு. 'தப்பும்மா, குடை மழைக்கு'ன்னேன். 'பாட்டி வெயிலுக்குத்தானே பிடிக்கறாங்க?'ன்னா. மாமியார் காலையில பத்து மணிக்குப் பசாருக்குப் போறப்ப பூப்போட்ட குடையை விரிச்சுட்டுத்தான் படியே இறங்குவாங்க, வாஸ்தவம்தான். ஆனா நான் விடாம தாளைக் காட்டி 'இங்க பாரு, மழைன்னுதான் போட்டிருக்கு'ன்னேன். அவ்வளவுதான், அட்டையெல்லாம் ஒரே தள்ளு. அன்னையில இருந்து அந்தப் பெட்டியைத் திறந்தாலே எழுந்து ஓடிடறா. பெட்டி இப்ப டிவி மேசைக்கு அடியில தூசி பிடிச்சுக் கிடக்குது.

என் சந்தேகம் இதுதான். இந்த மாதிரி அட்டை விளையாட்டால நிஜமா ஏதாவது பயன் இருக்கா? எந்த வயசுக்கு எது விளையாடலாம்? சின்னவன் கையில கொடுத்தா கடிக்கறான். இன்னொண்ணு, பெட்டியில எல்லாம் ஆங்கிலம், வீட்டுல தமிழ், மகள் போற பாலர் பள்ளியில மலாய். குழம்பிடுவாளோ? மாமியார் என்ன சொல்றாங்கன்னா, 'நீங்கள்லாம் அட்டை வெச்சா படிச்சீங்க? ஏழு வயசுல பள்ளிக்கூடம் போனா தன்னால வரும்'. நைட் ஷிப்ட் வாரத்துல சாயங்காலம் அரை மணி நேரம் எனக்குக் கிடைக்கும். அதை உருப்படியா செலவு பண்ணணும்னு ஆசை.


ஜெலுத்தோங் மச்சான் எழுதியது:

எதுக்கு பாஸ் அட்டை, பசை, கத்தரிக்கோல்னு? கைப்பேசியில இலவசமா ஆயிரம் இருக்கு. என் பையன் ஜோடி சேர்க்கற கேம்ல 40வது லெவலைத் தாண்டிட்டான். சரியா வெச்சா பட்டாசு வெடிக்கும், தப்பா வெச்சா 'டொய்ங்'. நாம பக்கத்துல உட்கார வேண்டியதே இல்ல.


செந்தூல் டீச்சரம்மா எழுதியது:

பாயான் லெப்பாஸ் தம்பி, முதல் வேலையா அந்த விடைத்தாளைக் கிழிச்சுப் போடுங்க. உங்க மகள் வெச்சதுதான் சரி. நம்ம ஊர்ல குடை பாதி நாள் வெயிலுக்குத்தான். அந்தக் காலத்து ராஜாக்கள் வெண்கொற்றக்குடை பிடிச்சாங்களே, மழைக்கா பிடிச்சாங்க? அந்தப் பிள்ளை காரணம் சொன்னா, நீங்க தாளைக் காட்டினீங்க. பெட்டியைப் பார்த்து ஓடாம என்ன செய்வா?

செந்தூல்ல ஒரு பாலர் பள்ளியில 27 வருஷம் இருந்தேன். ஓய்வு பெற்று மூணு வருஷம் ஆகுது. என்கிட்ட இருந்த அட்டைகள்ல முக்கால்வாசி கடையில வாங்கினது இல்ல. தபால் பெட்டியில பேரங்காடி விளம்பரத் தாள் வந்து விழும் பாருங்க, அதுல கோழி, பப்பாளி, சவர்க்காரம், வாளி எல்லாம் பளபளன்னு இருக்கும். வெட்டி, தானியப் பெட்டி அட்டையில ஒட்டி, மேல ஒளிபுகும் டேப் போட்டு, மைலோ டின்னுல போட்டு வெச்சிருந்தேன். பிள்ளைக்குத் தெரிஞ்ச பொருளா இருக்கணும், அதுதான் முக்கியம். பனிமனிதனை எதோட சேர்க்கணும்னு யோசிக்கறதுக்கு முன்னாடி பனின்னா என்னன்னு அவ யோசிச்சாகணும். பாதி சக்தி அங்கேயே போயிடும்.

27 வருஷமும் நான் ஓட்டினது ஒரே கேள்வியை வெச்சுத்தான்: 'ஏன் இங்க வெச்சே?' ஆனா தப்பா வெச்சப்ப மட்டும் கேட்டுடாதீங்க. பிள்ளைங்க கெட்டிக்காரங்க, டீச்சர் ஏன்னு கேட்டாலே தப்புன்னு மோப்பம் பிடிச்சு உடனே அட்டையை மாத்திடுவாங்க. சரியா வெச்சாலும் கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருங்க. பதில் வர கொஞ்ச நேரம் ஆகும். எனக்கு அதுதான் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

சின்னவனுக்கு 60 அட்டை எதுக்கு? நாலு போதும். கரண்டியைக் கையில கொடுத்து கரண்டிப் படத்து மேல வைக்கச் சொல்லுங்க. காலுறை, பல் துலக்கி, அவனோட சட்டை. பொருளும் படமும் ஒண்ணுன்னு பிடிபடணும், மூணு வயசுக்கு அது போதும். கடிக்கறதை விடுங்க, நாலு வயசுல நிறுத்திடுவான்.

பெரியவளுக்கு, தரம் பிரிக்கற விளையாட்டு. நான் ரொம்ப மதிக்கறது இதைத்தான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்கங்க.

ரெண்டு தட்டு எடுத்துக்கங்க. ஒரு தட்டுல சிவப்புக் கார் படம், இன்னொண்ணுல மஞ்சள் பூ படம். பிள்ளை கையில கொடுக்கறது மஞ்சள் கார்களும் சிவப்புப் பூக்களும். முதல்ல நிறம் பார்த்துப் போடணும். மஞ்சள் கார் மஞ்சள் பூத் தட்டுக்குப் போகும். அஞ்சாறு அட்டை ஆனதும், 'இப்ப ஆட்டம் மாறிடுச்சு, உருவம் பார்த்துப் போடணும்'னு சொல்லுங்க. அதே மஞ்சள் கார் இப்ப சிவப்புக் கார் தட்டுக்குப் போகணும். நமக்கு இது ஒண்ணுமே இல்ல. மூணு வயசுப் பிள்ளைக்கு மலை.

என் வகுப்புல ஒரு பையன். ஆட்டம் மாறிடுச்சுன்னு சொன்ன பிறகும் நிறம் பார்த்தே போடுவான். 'கார் எல்லாம் எந்தத் தட்டுக்குப் போகணும்?'னு கேட்டா சரியான தட்டைக் காட்டுவான். அடுத்த நொடியே கையில இருக்கற மஞ்சள் காரை மஞ்சள் பூவோட போடுவான். வேணும்னே பண்றான்னு நினைச்சு ஒரு நாள் அவனை மூலையில உட்கார வெச்சுட்டேன். பல வருஷம் கழிச்சு ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனப்பதான் தெரிஞ்சுச்சு, இது உளவியல்காரங்க ஏற்கெனவே அட்டை வெச்சு சோதிச்ச விஷயம்னு. பிலிப் ஜெலாசோன்னு ஒருத்தர், கூட வேலை செஞ்சவங்களோட சேர்ந்து 1996இல் எழுதியிருக்கார். மூணு வயசுப் பிள்ளைங்கள்ல பெரும்பாலோர் புது விதியை வாயால சரியாச் சொல்வாங்க, கை மட்டும் பழைய விதியை விடாது. நாலு, அஞ்சு வயசுல பெரும்பாலும் மாறிக்கும். அந்தப் பையன் பிடிவாதக்காரன் இல்ல, அவன் வயசு அப்படி. இப்ப வளர்ந்து எங்கேயோ வேலை பார்த்துக்கிட்டு இருப்பான், அந்த மூலை ஞாபகம் இருக்காதுன்னு நம்பறேன்.

அதனால மகளுக்கு விதியை மாத்தி மாத்தி விளையாடுங்க. ஒரே எட்டு அட்டையை நிறத்தால பிரி, அப்புறம் தின்கறது தின்காததுன்னு பிரி, அப்புறம் சமையலறையில இருக்கறது குளியலறையில இருக்கறதுன்னு பிரி. அவ கொஞ்சம் தேறினதும் அவளையே பிரிக்கச் சொல்லிட்டு, விதி என்னன்னு நீங்க கண்டுபிடிங்க. இதுல பிள்ளைங்களுக்கு வர்ற குஷியே தனி. ஒருத்தி வாளி, கோழி, தாத்தா மூணையும் ஒண்ணா வெச்சுட்டு என்னை அரை மணி நேரம் தவிக்க விட்டா. கடைசியில பார்த்தா மூணும் அவங்க வீட்டுப் பின்பக்கத்துல இருக்கறது.

மொழியைப் பத்திக் கவலையே வேண்டாம். அவ எந்த மொழியில 'ஏன்னா' சொல்றாளோ அந்த மொழியில விளையாடுங்க. தமிழ்ல நமக்கு ஒரு கொடுப்பினை வேற இருக்கு. உயர்திணை, அஃறிணைன்னு உலகத்தையே ரெண்டாப் பிரிச்சுத்தானே பேசறோம்? 'மாமா வந்தாரு, பூனை வந்துச்சு'ன்னு சொல்ற பிள்ளை ஏற்கெனவே தரம் பிரிச்சாச்சு, அவளுக்கே தெரியாது. எல்லா அட்டையையும் கவிழ்த்து வெச்சு, ஒவ்வொண்ணா எடுத்து, 'வந்தாங்க' தட்டா 'வந்துச்சு' தட்டான்னு போடச் சொல்லுங்க. சண்டை வரும், வரட்டும். என் வகுப்புல பாப்பா படத்துக்குப் பெரிய தகராறு. பாதிப் பேர் 'பாப்பா வந்துச்சு'ன்னுதானே வீட்டுல சொல்றாங்க. இன்னொரு நாள் பிள்ளையாரோட மூஞ்சூறு. சாமி கூடவே வர்றதால 'வந்தாரு'ன்னு ஒருத்தன் அடிச்சுச் சொல்லிட்டான், மறுத்துப் பேச எனக்கு வாய் வரல.

ஒண்ணை மட்டும் இப்பவே எதிர்பார்க்காதீங்க. ஆறு ரோஜா அட்டை, ரெண்டு மல்லிகை அட்டை வெச்சு, 'ரோஜா அதிகமா, பூ அதிகமா?'ன்னு கேட்டுப் பாருங்க. ரோஜாதான்னு சொல்வா. ரோஜாவும் பூதான்னு அவளுக்குத் தெரியும், இருந்தாலும் அப்படித்தான் சொல்வா. சுவிட்சர்லாந்து உளவியல்காரர் பியாஜே இதை ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே எழுதி வெச்சிருக்கார், ஏழு எட்டு வயசு வாக்குலதான் இது பிடிபடும்னு. கேட்டுச் சிரிச்சுட்டு விட்டுடுங்க.

கவிழ்த்து வெச்சு ஜோடி தேடற ஞாபக விளையாட்டை எல்லாரும் தர்க்கம்னு சொல்லி விக்கறாங்க. நல்ல விளையாட்டுதான், ஆனா அது ஞாபகம். ரெண்டும் வேற.

ஜெலுத்தோங் தம்பி, கோபிச்சுக்காதீங்க. 'டொய்ங்' ஒரு நாளும் ஏன்னு கேட்காது. குடையை வெயிலோட வெச்சா உங்க கைப்பேசியும் டொய்ங்னுதான் சொல்லும்.


கெப்போங் கணக்கு எழுதியது:

டீச்சர் சொன்னதுல ஒரே ஒரு இடத்துல எனக்கு மாற்றுக் கருத்து. விடைத்தாளைக் கிழிக்காதீங்க. 'இதை எழுதினவங்க ஏன் மழைன்னு போட்டிருப்பாங்க?'ன்னு மகள்கிட்டயே கேளுங்க. இன்னொருத்தர் தலைக்குள்ள போய் யோசிக்கறதும் தர்க்கம்தானே.

நான் டியூஷன்ல கணக்கு சொல்லிக் கொடுக்கற ஆளு. எனக்குப் பிடிச்சது ரெண்டு.

முதலாவது, ஒளிச்சு வெச்ச அட்டையைக் கண்டுபிடிக்கறது. 16 அட்டையைப் பரப்பி, மனசுல ஒண்ணை நினைச்சுக்கங்க. பிள்ளை ஆமா, இல்லைன்னு பதில் வர்ற கேள்வி மட்டும் கேட்கலாம். ஆரம்பத்துல எல்லாப் பிள்ளையும் 'பூனையா? மீனா? பஸ்ஸா?'ன்னு ஒவ்வொண்ணாத்தான் கேட்கும். இல்லைன்னா ஒரே ஒரு அட்டைதான் கழியும். 'உயிர் இருக்கறதா?'ன்னு நீங்க ஒரு தடவை கேட்டுக் காட்டி, பாதி அட்டை ஒரே மூச்சுல கவிழறதைப் பார்க்க விடுங்க. பாதி பாதியாக் கழிச்சா 16, 8, 4, 2, 1. நாலே கேள்வி. இதைச் சொல்லிக் கொடுக்காதீங்க. அட்டை சரசரன்னு கவிழற சத்தமே சொல்லிக் கொடுக்கும்.

ரெண்டாவது, டாபிள்னு வட்ட அட்டையில வர்ற விளையாட்டு. 55 அட்டை, ஒவ்வொண்ணுலயும் 8 படம். எந்த ரெண்டு அட்டையை எடுத்தாலும் சரியா ஒரே ஒரு படம்தான் பொதுவா இருக்கும். மந்திரம் இல்ல, வடிவியல். கணக்குப்படி 57 அட்டை வரைக்கும் போகலாம். நாலரை வயசுக்கு 8 படம் ஜாஸ்தி. வீட்டுலயே ஏழு அட்டை, ஏழு பழம் வெச்சுச் செஞ்சுடலாம், அட்டைக்கு மூணு பழம்:

டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தீன்
டுரியான், மாம்பழம், வாழை
டுரியான், பப்பாளி, அன்னாசி
ரம்புத்தான், மாம்பழம், பப்பாளி
ரம்புத்தான், வாழை, அன்னாசி
மங்குஸ்தீன், மாம்பழம், அன்னாசி
மங்குஸ்தீன், வாழை, பப்பாளி

எந்த ரெண்டை வேணா எடுத்துப் பாருங்க, ஒரே ஒரு பழம்தான் ஒத்துப் போகும். ரெண்டு அட்டையைத் திருப்பணும், பொதுப் பழத்தை முதல்ல கத்தறவங்க ஜெயிச்சாங்க. ஒரு பழத்தை இடம் மாத்தி ஒட்டிட்டாலும் மொத்தமும் கெட்டுப்போகும், அதனால ஒட்டும்போது நிதானம்.

ஆறு ஏழு வயசானப்புறம் செட் விளையாட்டு வாங்கலாம். எண்ணிக்கை, நிறம், உருவம், உள்நிரப்பு, நாலு குணம், ஒவ்வொண்ணுக்கும் மூணு வகை, அதனால 81 அட்டை. மூணு அட்டை எடுக்கணும், ஒவ்வொரு குணத்துலயும் மூணும் ஒண்ணா இருக்கணும், இல்லாட்டி மூணும் வேற வேறயா இருக்கணும். மார்ஷா ஃபால்கோன்னு ஒரு மரபியல்காரம்மா 1974இல் ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களுக்கு வலிப்பு எப்படிப் பரம்பரையா வருதுன்னு ஆராய்ஞ்சப்ப, குறிப்பெழுதின அட்டையில இருந்து பிறந்த விளையாட்டு அது. சின்னப் பிள்ளைக்கு முழுசா நிறம் நிரப்பின 27 அட்டையை மட்டும் தனியா எடுத்து ஆரம்பிக்கலாம்.


பாயான் லெப்பாஸ் அப்பா எழுதியது:

ரெண்டு வாரம் ஆச்சு, என்ன நடந்துச்சுன்னு சொல்லிடறேன்.

டீச்சரம்மா, தாளைக் கிழிக்கல, மன்னிச்சுக்கங்க. கெப்போங் சார் சொன்ன மாதிரி கேட்டேன். மகள் ரொம்ப நேரம் தாளையே பார்த்தா. 'இவங்க ஊர்ல வெயிலே வராது போல. பாவம்'னா. எங்கிட்ட பேச ஒண்ணுமில்ல.

பழ அட்டை செஞ்சேன். முதல் தடவை வாழையைத் தப்பான அட்டையில ஒட்டிட்டேன். அதை அவதான் கண்டுபிடிச்சா, 'அப்பா, இதுல ரெண்டு ஒரே மாதிரி இருக்கு'ன்னு.

தட்டு விளையாட்டைச் சின்னவனுக்கும் வெச்சுப் பார்த்தேன். கார் எங்க போகணும்னு கேட்டேன், சரியாக் காட்டினான். மஞ்சள் காரைக் கொடுத்தேன், மஞ்சள் பூ தட்டுல போட்டுட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கறான். டீச்சர் எழுதினதைப் படிக்காம இருந்தா நானும் கத்தியிருப்பேன்.

வீட்டுக்குக் கீழ இருக்கற மாமாக் சாப்பாட்டுக் கடையில அண்ணன்கிட்ட கேட்டு, ரொட்டி சானாய் போடறதை வரிசையாப் படம் எடுத்து அச்சடிச்சேன். மாவு உருண்டை, வீசறது, கல்லுல போடறது, தட்டுல ரொட்டி, கடைசியா காலித் தட்டு. அஞ்சையும் வரிசையா வைன்னேன். காலித் தட்டை முதல்ல வெச்சா. தப்புன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டு 'ஏன் இங்க வெச்சே?'ன்னு கேட்டேன். 'முதல்ல தட்டு காலியாத்தானே இருக்கும், அப்புறம்தானே ரொட்டி வரும்?'ன்னா.

மாமியாரைப் பத்தியும் சொல்லணும். ஒளிச்சு வெச்ச அட்டை விளையாட்டுல இப்ப அவங்கதான் தீவிரம். ஆனா பேத்தி கிட்ட நெருங்கிட்டான்னு தெரிஞ்சா மனசுல நினைச்ச அட்டையை மாத்திடறாங்க. நேத்து பிடிபட்டுட்டாங்க. 'உயிர் இல்லன்னு சொன்னீங்க, இப்ப ஆட்டுக்குட்டிங்கறீங்க?'ன்னு ஒரே சத்தம்.

ஒரு சின்னக் கேள்வி. லேமினேட் பண்ணிட்டேன், முனை கூரா இருக்கு, சின்னவன் கன்னத்துல கீறிடுச்சு. என்ன செய்யறது?


செந்தூல் டீச்சரம்மா எழுதியது:

காலித் தட்டு முதல்லயும் வரும், கடைசியிலயும் வரும். இன்னொரு பிரதி அச்சடிச்சுக் கொடுங்க, என்ன செய்யறான்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க.

முனைக்குக் கத்தரிக்கோல் வேண்டாம், கால் நகம் வெட்டற பெரிய நகவெட்டியால நாலு மூலையையும் ஒரு கடி கடிச்சு விடுங்க. அழகா வளைஞ்சுடும். வெட்டின துண்டையெல்லாம் எண்ணிப் பொறுக்கிடுங்க, அட்டைக்கு நாலு. சின்னவன் அதையும் வாயில போடுவான்.